பச்சை விளக்கும் தம்புராவின் காந்தாரமும்

அலிபிரி என்ற பெயர் ‘அடிப்படி’ என்பதன் திரிபு என்பர் சிலர்; மலையடியில் நின்ற புளியமரத்தால் வந்த ‘அடிப்புளி’யே மருவியது என்பர் வேறு சிலர். இரண்டிலும் ‘அடி’ இருக்கிறது. திருமலைக்கு நடந்தேறுவோரின் 3,550 படிகள் இங்கேதான் தொடங்குகின்றன. நடப்பவர்கள் மூட்டை முடிச்சுகளை அடிவாரத்தில் ஒப்படைத்துவிட்டு மலைமேல் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். தம்புராவையோ வீணையையோ கிட்டாரையோ அப்படி ஒப்படைக்க எந்தக் கலைஞரும் துணியமாட்டார். ஆகவே கச்சேரிக்குச் செல்லும் கருவிகள் உரியவரின் மடியருகே, வண்டியில், அலிபிரிச் சோதனைச் சாவடியைக் கடந்து மலைப்பாதையில் ஏறுகின்றன. திருப்பதியின் கோடை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். திருமலையோ ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்தைவிட 700 மீட்டர் அளவுக்கு மேலே. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி என்னும் பொதுக் கணக்கை வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணத்தில் கருவி நான்கைந்து டிகிரிக் குளிர்ச்சிக்குள் நுழைந்துவிடுகிறது. பயணிக்கு அது இதம். தந்திக்கு அது கூடுதல் இழுவிசை.

மடிமேல் கிடத்தி, எஃகு உருளையைத் தந்திகளின்மேல் நகர்த்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டாருடன் ஒரு கலைஞர் இவ்வழியே மலையேறுவதாக எண்ணிப் பார்க்கலாம். அவர் கற்பனை மனிதரே. அவர் கருவிக்கு நேர்வது எதுவும் கற்பனையன்று. எஃகு, ஒரு டிகிரி வெப்பத்துக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். குளிர்ந்தால் அதே அளவு சுருங்கும். இது மிகச் சிறிய அளவுதான். ஆனால் கிட்டாரில் முறுக்கிக் கட்டிய தந்தி தன் இயல்பான நீளத்தைவிட ஏறத்தாழ 0.4 விழுக்காடே நீட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சிறு நீட்சியோடு ஒப்பிடும்போது வெப்பத்தால் வரும் மாற்றம் சிறிதன்று. மரம் அசையாமல் இருக்கிறது என்று கொண்டால், ஐந்து டிகிரிக் குளிர்ச்சி தந்தியின் இழுவிசையை 1.5 விழுக்காடும், அதிர்வெண்ணை அதில் பாதியும் கூட்டிவிடும். ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கின் பெயர் சென்ட். மேற்சொன்ன மாற்றம் ஏறத்தாழ 13 சென்ட். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இது மீண்டும் வரும்.

மேலே மேடையில் விளக்குகள் எரிகின்றன. மெல்லிய தந்தி உடனே சூடேறித் தளர்கிறது. தடித்த மரம் மெதுவாகத் தொடர்கிறது. ஆறு தந்திகளும் ஒரே அளவில் தளர்வதில்லை. வெறும் எஃகுத் தந்தியின் போக்கு வேறு, சுற்றுக்கம்பித் தந்தியின் போக்கு வேறு. ஒரே அளவில் தளர்ந்தால் உருளையைச் சற்று முன்னே தள்ளி வாசித்துச் சமாளிக்கலாம். தனித்தனியே விலகும்போது அந்தக் கைத்திறன் உதவாது.

இந்தத் துன்பம் ஸ்டீல் கிட்டாருடன் கூடவே பிறந்தது. 1930களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் ஜார்ஜ் போஷாமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் உருவாக்கிய முதல் மின்சார ஸ்டீல் கிட்டார், வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் ‘வாணலி’ என்றே பெயர் பெற்றது. அதன் உடலும் கழுத்தும் அலுமினிய வார்ப்பு. மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரியும், சுருதி விலகும். 1935இல் அதே நிறுவனம் பேக்லைட் உடலுக்கு மாறியதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம். மின்சாரக் கிட்டாரின் வரலாற்றை எழுதுவோர் காந்தச் சுருளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். முதல் கருவியே மேடையில் சுருதி நில்லாமல் போனது பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

சுருதி விலகினால் சேர்க்க வேண்டும். எப்படிச் சேர்ப்பது, யார் கேட்கச் சேர்ப்பது என்பதில்தான் இரண்டு மேடை மரபுகள் பிரிகின்றன.

கருநாடக இசைக் கச்சேரியில் சுருதி சேர்ப்பது அவையறிய நடக்கும் செயல். தம்புராவின் பிருடையைத் திருகி, மணியை நகர்த்தி, ஜீவா நூலைச் சரிசெய்து ஒருவர் தொடங்குவார். வயலின் அதனுடன் இணையும். மிருதங்கக்காரர் கல்லையும் கட்டையையும் எடுத்து வார்ப்பிணைப்பின் விளிம்பைத் தட்டுவார். இந்தச் சில நிமிடங்களில் கேட்போரின் செவியும் ஆதார ஷட்ஜத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. சபையில் பழகியவர்கள் இதை இடையூறாகக் கருதுவதில்லை. சிலர் இதைக் கேட்கவே முன்னதாக வந்து உட்காருவார்கள். இதன் வேர் மிகப் பழையது. சிலப்பதிகாரத்துக் கானல்வரி சொல்லும் எண்வகை இசைக்கரணங்களில் முதலாவது பண்ணல், அதாவது பண்ணுக்கேற்ப யாழ் நரம்புகளை அமைத்துக்கொள்ளுதல். சுருதி சேர்த்தல் வாசிப்புக்கு முந்திய ஆயத்தமன்று. வாசிப்பின் முதற்படி என்பது அந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. நரம்புகளுக்கிடையே உள்ள தொடர்புகளுக்கும் அம்மரபு இணை, கிளை, பகை, நட்பு என்று உறவுப்பெயர்களையே வைத்தது. ஒரு நரம்பு சரியா தவறா என்பது தனித்து நின்று தீர்மானமாவதில்லை. எதனோடு சேர்ந்து ஒலிக்கிறது என்பதே கேள்வி.

மின்சாரக் கருவிகளின் மேடை வேறொரு வழியைக் கண்டது. உரத்த ஒலிபெருக்கிகளுக்கு நடுவே தன் தந்தியைத் தனியே கேட்பது இயலாது. பாடலுக்கும் பாடலுக்கும் இடையே தந்திகளை முறுக்கும் ஓசையை ஆயிரம் பேருக்குக் கேட்கவிடுவதும் அழகன்று. அளவு காட்டும் கருவி முன்பே இருந்தது. அமெரிக்காவின் கான் நிறுவனம் 1936இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்ட்ரோபோகான் சுழலும் வட்டுகளின் மீது ஒளியைத் துடிக்கவிட்டுச் சுருதி விலகலைக் கண்ணுக்குக் காட்டியது. ஆனால் அது பெட்டி நிறையப் பொறி கொண்டது. ஆய்வகத்துக்கும் பட்டறைக்கும் உரியது. அதே பணி காலால் மிதிக்கும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கியபோதுதான் மேடைப் பழக்கம் மாறியது. பாஸ் நிறுவனத்தின் டியூ-2 என்னும் பெடல் டியூனர் 1998இல் வந்தது. காலால் ஒருமுறை அழுத்தினால் ஒலிபெருக்கிக்குச் செல்லும் ஒலி அறுந்துவிடும். தந்தியின் அதிர்வு டியூனருக்கு மட்டும் போகும். விளக்குகள் ஏற்றமா இறக்கமா என்று காட்டும். நடுவிளக்கு எரிந்தால் மறுபடி அழுத்தி வாசிப்புக்குத் திரும்பலாம். 2010இல் டிசி எலெக்ட்ரானிக் நிறுவனம் ஆறு தந்திகளையும் ஒருங்கே மீட்டி எது விலகியது என்று பார்க்கும் வசதியையும் கொண்டுவந்தது.

பயன்படுத்துவதில் சில நுட்பங்கள் உண்டு. அவற்றை அறியாதவர் டியூனரைக் குறை சொல்வது வழக்கம். கிட்டாரிலிருந்து வரும் கம்பியில் டியூனர் முதலாவதாக நிற்க வேண்டும். எதிரொலியும் வேறு ஒலிமாற்றங்களும் சேர்ந்த பிறகு அளந்தால் எண் தள்ளாடும். ஸ்டீல் கிட்டார் கலைஞர்கள் பெரும்பாலும் ஒலியளவு மிதிப்பானை இடையறாது பயன்படுத்துவார்கள். ஆகவே பலர் டியூனருக்கு மட்டும் அந்த மிதிப்பானிலிருந்து தனிக்கிளை எடுத்துக்கொள்கிறார்கள். மிதிப்பானை முழுதும் இறக்கிச் சபைக்கு மௌனமாக்கிய நிலையிலும் டியூனருக்குத் தந்தி கேட்கும். தந்தியை மீட்டிய கணத்தில் சுருதி சற்று ஏறி ஒலித்துப் பிறகு அமரும். வாசிக்கும் வேகத்தில் மீட்டிச் சேர்க்காமல் மெல்ல வருடிச் சேர்த்தால், கச்சேரியில் ஒவ்வொரு மீட்டும் ஏறியே ஒலிக்கும். எப்போதும் கீழிருந்து மேலே வந்து நிறுத்த வேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் முறுக்காணியின் பற்களிடையே உள்ள தளர்ச்சி பத்து நிமிடத்தில் தன் வேலையைக் காட்டும். ஒத்ததிர்வுத் தந்திகள் பூட்டிய கருவியாக இருந்தால் ஒரு தந்தியை மீட்டும்போது மற்றவற்றை உள்ளங்கையால் அணைக்காமல் டியூனரிடம் தெளிவான விடை கிடைக்காது. எந்தச் சுரத்தைக் காட்டுவது என்று அது தத்தளிக்கும்.

இவ்வளவும் செய்து முடித்துக் கலைஞர் மலைமேல் மேடையில் அமர்கிறார். கோயிலுக்கு எதிரே உள்ள நாத நீராஜன மண்டபம் திறந்தவெளி மேடை. பக்தர்களின் இரைச்சலும் ஒலிபெருக்கி அறிவிப்புகளும் காற்றில் கலந்து வரும்; நிகழ்ச்சி தொலைக்காட்சியில் நேரலையாகப் போகும். சபா அரங்கில் கிடைக்கும் சில நிமிட அமைதி இங்கே கிடைக்காது. இத்தகைய இடத்தில் பெடல் டியூனர் பேருதவி என்பதை மறுப்பவர் திறந்தவெளியில் வாசித்தறியாதவராகவே இருப்பார். மலைக்குளிரால் 13 சென்ட் ஏறிய தந்திகள் ஒவ்வொன்றாகப் பச்சை விளக்குக்கு வருகின்றன. ஆறு தந்திக்கும் ஒரு நிமிடம் போதும். சபைக்கு எதுவும் கேட்கவில்லை.

சிக்கல் இதன் பிறகுதான் தொடங்குகிறது.

ஹவாய் முறையில் வழங்கும் சுருதியமைப்புகளுள் ஒன்று ஆறு தந்திகளையும் ச ப ச க ப ச என்று அமைப்பது. இரண்டு கட்டைச் சுருதியில் வாசிப்பவருக்கு இது மிக இயல்பானது. அதில் மேலிருந்து மூன்றாம் தந்தி அந்தர காந்தாரம். அருகே தம்புரா ஒலிக்கிறது. இரண்டு கட்டையில் அதன் ஷட்ஜம் நொடிக்கு 146.8 அதிர்வு. எந்தத் தந்தியும் தன் அடிப்படை அதிர்வோடு அதன் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்குகளையும் சேர்த்தே ஒலிக்கும். தம்புராவின் ஜீவா இந்த மடங்குகளைப் பொலியச் செய்வதற்கென்றே அமைந்தது. ஷட்ஜத்தின் ஐந்தாம் மடங்கு 734.2. அதுவே தம்புராவில் யாரும் மீட்டாமல் தானே எழும் காந்தாரம். நன்றாகச் சேர்ந்த தம்புராவில் பழகாத செவிக்கும் அது கேட்கும். டியூனர் பச்சை காட்டி நிறுத்திய காந்தாரத் தந்தியோ 185.0, அதன் நான்காம் மடங்கு 740.0. ஒரே சுரமென்று பெயர் பெற்ற இரண்டு ஒலிகள் 734.2இலும் 740.0இலும் ஒருங்கே ஒலிக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ ஆறு முறை ஒலி ஏறி இறங்கித் துடிக்கும். தம்புராவின் காந்தாரத்துக்கும் டியூனரின் காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளி சரியாக 13.7 சென்ட்.

மலைக்குளிர் தந்தியை எவ்வளவு நகர்த்தியதோ, ஏறத்தாழ அவ்வளவே டியூனரும் காந்தாரத்தை நகர்த்தியிருக்கிறது. முதல் விலகலைத் தீர்த்த அதே பச்சை விளக்கு இரண்டாவது விலகலை நிலைநிறுத்திவிட்டது. குளிரில் வந்த பிழையை எவரும் பிழை என்று ஒப்புக்கொள்வார்கள். விளக்கு காட்டியதை அப்படிச் சொல்ல முதலில் ஒரு துணிவு வேண்டும்.

பஞ்சமத்தில் இந்தத் தொல்லை இல்லை. டியூனரின் பஞ்சமம் இயற்கைப் பஞ்சமத்துக்கு 2 சென்ட் மட்டுமே கீழே. தம்புராவோடு உரசினால் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒரு மெல்லசைவு. அது சுகமாகவே இருக்கும். ஐந்து தந்திகளில் டியூனரும் தம்புராவும் ஒத்துப்போவதால்தான் ஆறாவதில் உள்ள பிணக்கை மாணவர்கள் தம் செவியின் குறையாக எண்ணிக்கொள்கிறார்கள். பச்சை விளக்கு எரிகிறதே, கேட்பது எப்படிக் கரகரக்கும் என்று ஐயுறுகிறார்கள். பிறகு கரகரப்பையே பழகிக்கொள்கிறார்கள். இழப்பு நிகழும் இடம் இதுதான்.

டியூனர் பொய் சொல்லவில்லை. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கும் கணக்கை அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கு அது உண்மையாக இருக்கிறது. அதன் அடித்தளமான 440 என்னும் எண்கூட இயற்கையிலிருந்து வந்ததன்று. 1939இல் லண்டனில் கூடிய மாநாட்டில் இசைந்து, பின்னர் பன்னாட்டுத் தர நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்படிக்கை அது. கட்டைக்கும் கட்டைக்கும் இடையே தன் குரல் அமையும் இடத்தில் சுருதி வைத்துக்கொள்ளும் பாடகருடன் வாசிப்பவர் முதலில் டியூனரின் 440ஐ அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பெரும்பாலான பெடல் டியூனர்களில் அதற்கு வசதி உண்டு; பலர் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை.

சமபங்குக் கணக்கை மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தமிழில் அதற்காக மிகக் கடுமையாக வாதிட்டவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். 22 சுருதிக் கொள்கையை மறுத்து, ஸ்தாயியைச் சம அளவில் 12 ஆகவும் 24 ஆகவும் பகுப்பதே பழந்தமிழிசையின் முறை என்று சிலப்பதிகாரத்து வட்டப்பாலையைக் கொண்டு நிறுவ முயன்றார். 1916இல் பரோடாவில் நடந்த இசை மாநாட்டில் அதை எடுத்துரைத்தார்; 1917இல் ‘கருணாமிர்த சாகர’த்தில் விரிவாக எழுதினார். அவர் முடிபை ஏற்காதவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். விபுலாநந்தர் 1947இல் வெளியிட்ட ‘யாழ்நூல்’ விகிதங்களின் வழியே சென்று வேறு கணக்குகளைத் தந்தது. மறுபுறம், அனைத்திந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்கு விதித்த தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் அதன் சமபங்குச் சுருதி இந்திய இசைக்கு ஒவ்வாது என்பதும் ஒன்று. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஆர்மோனியத்தை வாசலில் நிறுத்திய அந்தக் கேள்வி, பெடல் டியூனர் வடிவிலும் கைப்பேசிச் செயலி வடிவிலும் உள்ளே வந்தபோது ஒருவரும் அதை எழுப்பவில்லை. ஆர்மோனியத்தின் ஒலி கேட்கும். டியூனர் ஓசையின்றி வேலை செய்கிறது. எதிர்ப்பு வராமல் போனதற்கு இதுவே காரணம் போலும்.

ஸ்டீல் கிட்டாருக்கு இக்கேள்வி வேறு கருவிகளைவிடக் கூர்மையாக வருவதற்குக் காரணம் அதன் அமைப்பு. மேளகட்டில்லாத கருவி அது. கழுத்தில் உள்ள கோடுகள் கண்ணுக்கு அடையாளம் மட்டுமே. உருளை எங்கே நிற்கிறதோ அங்கே சுரம். இந்த வகையில் அதற்கு மிக நெருங்கிய உறவு தமிழகத்துக் கோட்டுவாத்தியம். திருவிடைமருதூர் சகாராம ராவ் அதைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினார். நாராயண ஐயங்கார் ஒத்ததிர்வுத் தந்திகளைச் சேர்த்து விரிவாக்கினார். சித்திரவீணை என்ற பெயர் பின்னர் பரவலாயிற்று. ஹவாயில் 1880களில் ஜோசப் கெக்குக்கு எஃகுத் துண்டால் கிட்டார் வாசிக்கத் தொடங்கினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. இந்தியாவில் பிறந்த கேப்ரியல் டேவியன் என்பவர் அதற்கும் முன்பே அங்கே அவ்வாறு வாசித்தார் என்று ஒரு கூற்றும் வழங்கிவருகிறது. அது மெய்யானால் கோட்டு கடல் கடந்து சென்று கிட்டாராகத் திரும்பிவந்தது என்று மகிழலாம். சான்று அவ்வளவு உறுதியானதன்று. உறுதியாகத் தெரிவது அதன் வருகைதான். 1940களில் ஹவாய்க் கலைஞர் டாவ் மோ கல்கத்தாவில் தங்கி வாசித்தார். பின்னர் அலி அக்பர் கானின் மாணவர் பிரிஜ் பூஷண் காப்ரா அந்தக் கருவியில் இந்துஸ்தானி ராகங்களை முழுமையாக வாசித்தார். விசுவ மோகன் பட் மூன்று வாசிப்புத் தந்திகளோடு சுருதித் தந்திகளையும் பன்னிரண்டு ஒத்ததிர்வுத் தந்திகளையும் கூட்டி மோகன வீணையாக்கினார். ரை கூடருடன் அவர் வாசித்த இசைத்தொகுப்பு 1994இல் கிராமி பரிசு பெற்றது.

உருளையால் வாசிக்கும் தந்தியில் சுருதிப் பிழை இருந்தால் செவி அறிந்தவுடன் கை திருத்திவிடும். நல்ல கலைஞரிடம் அது எண்ணத்துக்கு முன்னே நிகழும். கமகத்தில் அசைந்து மிதக்கும் காந்தாரத்துக்கு எந்த டியூனரும் எண் சொல்லவும் முடியாது. ஆனால் உருளை தொடாத தந்திகளைக் கை திருத்தாது. திறந்து ஒலிக்கும் சுருதித் தந்தியும், தொடாமலே ஒலிக்கும் ஒத்ததிர்வுத் தந்தியும் சேர்த்த இடத்திலேயே நிற்கும். ஒத்ததிர்வுத் தந்திக்கு இன்னொரு நியாயமும் உண்டு. வாசிக்கும் சுரம் அதன் சுரத்தோடு ஒன்றினால்தான் அது விழித்துக்கொள்ளும். 14 சென்ட் தள்ளியிருந்தால் அரைகுறையாக முனகும். பச்சை விளக்கில் சேர்த்த பன்னிரண்டு தந்திகளும் செவியால் வாசிக்கும் கையோடு ஒத்துழைக்க மறுப்பது இதனால்தான். நேர்க்கோடாக உருளையை வைத்துப் பல தந்திகளைச் சேர்த்து மீட்டும்போதும் அப்படியே: தந்திகளுக்கிடையே சேர்த்துவைத்த உறவு, நன்றோ தீதோ, உருளையுடன் கழுத்து முழுவதும் பயணம் செய்கிறது.

அமெரிக்க நாட்டுப்புற மெல்லிசையின் பெடல் ஸ்டீல் கலைஞர்கள் இதைத் தம் வழியில் கண்டுகொண்டவர்கள். அவர்கள் கருவியில் காலால் மிதித்தால் சில தந்திகளின் சுருதி ஒலிக்கும்போதே ஏறும்; 1954இல் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாடலில் பட் ஐசக்ஸ் வாசித்த பிறகு அந்த ஒலி எங்கும் பரவியது. மிதிக்கும்போது கூடும் இழுவிசையால் கருவியின் உடலே நூலிழை வளையும். மிதிக்காத தந்திகள் சில சென்ட் தளரும். மிதிக்காத நிலையில் பச்சை காட்டிய தந்தி மிதித்த நிலையில் காட்டாது. எந்த நிலைக்குச் சேர்ப்பது? இரண்டுக்கும் நடுவே, எந்தச் சேர்க்கை பாடலில் மிகுதியாக வருமோ அதன் பக்கம் சாய்த்து, செவியால். காந்தாரத் தந்திகளை அவர்கள் விளக்குக்குக் கீழேதான் நிறுத்துவார்கள். அந்தப் பழக்கம் எவ்வளவு பரவியது என்றால், பீட்டர்சன் போன்ற டியூனர் நிறுவனங்கள் பெடல் ஸ்டீலுக்கென்று இனிமைப்படுத்திய சுருதியமைப்புகளைத் தம் பெடல்களிலேயே சேர்த்துத் தருகின்றன. செவி கண்டதை எண்ணாக்கி உள்ளே வைத்த பிறகு, அங்கே பச்சை விளக்கு 400 சென்டில் எரிவதில்லை. அதற்குக் கீழே எரிகிறது. தம்புராவுக்கும் கருநாடகச் சுருதிக்கும் இதைச் செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. தனி அமைப்புகளைச் சேமிக்க இடம் தரும் டியூனர்கள் கடைகளில் கிடைக்கின்றன. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்புராவைச் செய்து காட்டியபோது இந்த மண்ணின் செவிக்கேற்பக் கருவியை வளைக்க முடியும் என்பது மெய்ப்பட்டதுதானே. இசைக்கல்லூரிகளில் ஒரு பருவம் இதற்கு ஒதுக்கினால் போதும். தம்புராவை நடுவில் வைத்து, மாணவர் காந்தாரத்தைத் துடிப்பு நிற்கும்வரை செவியால் சேர்த்த பின், டியூனரைப் பார்த்து அது எத்தனை சென்ட் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். முதலில் விளக்கு, பிறகு செவி என்னும் இன்றைய வரிசை தலைகீழாகிவிடும். ஆய்வேட்டுக்கும் அதில் பொருள் கிடைக்கும்.

மலைமேல் மேடைக்குத் திரும்பினால், அங்கே அவ்வளவு பொழுது இல்லை. அடுத்த குழு படிக்கருகே காத்திருக்கிறது. கலைஞர் செய்யக்கூடியது எளிது. ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் விளக்கை நம்பி, ஒலியை அறுத்து, விரைவாகச் சேர்த்துக்கொள்கிறார். பிறகு காலை எடுத்து ஒலியைத் திறக்கிறார். காந்தாரத்தை மட்டும் தம்புரா கேட்கச் சேர்க்கிறார். நொடிக்கு ஆறாக இருந்த துடிப்பு மூன்றாகிறது, ஒன்றாகிறது, நின்றுவிடுகிறது. இதைச் சபையும் கேட்கிறது. முன்வரிசையில் ஓரிருவர் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அப்போது டியூனரைப் பார்த்தால் முள் நடுவுக்கு இடப்புறம், 14 சென்ட் கீழே நிற்கும்.

மோகனத்தில் ஓர் உருப்படி முடிகிறது. அடுத்தது சாதாரண காந்தாரம் வரும் ராகம். மூன்றாம் தந்தி இப்போது பகை. கை தவறித் திறந்து ஒலித்தாலும் ராகம் குலையும். கலைஞர் பெடலை அழுத்துகிறார். மேடையின் மறுபக்கம் மிருதங்கக்காரர் கல்லால் தட்டத் தொடங்குகிறார். மலைக்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்திருக்கிறது, அவர் தட்டுவது ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கிறது. இவர் தந்தியைப் பச்சைக்கும் கீழே இறக்கி, வழக்கம்போல் கீழிருந்து ஏற்றி வருகிறார். விளக்கு எரிந்ததும் நிறுத்தாமல் ஒலியைத் திறந்துவிட்டுத் தம்புராவின் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு இன்னும் சற்று முறுக்குகிறார். இம்முறை முள் வலப்புறம் 16 சென்ட் கடந்த இடத்தில் தந்தி அமைதியாகிறது. மிருதங்கக்காரர் இன்னும் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கல்லைக் கீழே வைக்கிறார்.